சின்ன ஆபீசுக்கு ஒரு நெட்வொர்க்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

"உன் தொழிலைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்று சங்கச் செயலாளர் கேட்டுக்கொண்டார். இங்கே சொந்தத் தொழில் செய்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆகவே பெரிய கம்பெனிகளை விட்டுவிட்டு, பத்துப் பன்னிரண்டு கம்ப்யூட்டர் உள்ள சின்ன ஆபீசைப் பற்றியே சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். முதலாளி கூப்பிட்டு, "தம்பி, எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒண்ணாச் சேர்க்கோணும், எவ்வளவு ஆகுமுங்க?" என்பார். விலை சொல்லுமுன் நான் ஒன்று கேட்பேன்: "எந்த ஃபைல் போச்சுன்னா சனிக்கிழமை கூலி போட முடியாதுங்ண்ணா?" யோசித்துப் பார்த்தால், அது கணக்குப்பிள்ளை மேசையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் இருக்கும். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் கேபிள். "வைஃபை போதாதா?" என்பார்கள். போனுக்குப் போதும். கணக்கு ஓடும் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் கேபிள்தான் நம்பிக்கை. கேட் 6 கேபிள், சுவிட்சிலிருந்து 100 மீட்டருக்குள். கரண்ட் ஒயர் போகும் பைப்பில் இதையும் திணிக்கக் கூடாது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். வளைத்தால் சுலபமாக ஒடிந்துபோகும். முழுச் செம்புதான் வேண்டும். இரண்டு முனையிலும் நம்பர் எழுதி ஒட்டுங்கள்.

கம்ப்யூட்டருக்கெல்லாம் யுபிஎஸ் இருக்கும். ரவுட்டருக்கும் சுவிட்சுக்கும் இருக்காது. கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் எரியும், நெட்வொர்க் செத்துக் கிடக்கும். அவற்றையும் யுபிஎஸ்ஸில் மாட்டுங்கள். பிரிண்டருக்கு மாறாத ஐபி எண் கொடுத்துவிடுங்கள். "நேத்து அடிச்ச பிரிண்டர் இன்னிக்கு அடிக்கலையே" என்ற புலம்பல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். வருகிற பையருக்கும் ஆடிட்டருக்கும் தனி வைஃபை வையுங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டை விருந்தாளிக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

இனிமேல் சொல்வதுதான் முக்கியம். கம்ப்யூட்டர்களைச் சேர்த்தால் வேலை மட்டுமல்ல, வியாதியும் பரவும். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' உலகம் முழுக்கப் பரவியது இப்படித்தான். ஒரு கம்ப்யூட்டரில் புகுந்து, நெட்வொர்க் வழியே பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தாவி, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு முன் மார்ச் மாதமே கொடுத்திருந்தது! போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஆகவே பேக்கப். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று ஆபீசுக்கு வெளியே. எப்போதும் சொருகியே இருக்கும் ஹார்டு டிஸ்க்கை நம்பாதீர்கள்; பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டுவான். மாதம் ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கடைசியாக ஒன்று. ஓர் ஆபீசில் நெட்வொர்க் போட்டவர் ஊரை விட்டே போய்விட்டார். ரவுட்டர் பாஸ்வேர்டு ஒருவருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட வேண்டியதாயிற்று. இரண்டு நாள் பில் போடவில்லை. அதனால் வேலை முடிந்ததும் கேபிள் போன வழியின் படத்தையும், பாஸ்வேர்டு எழுதிய நோட்டையும் முதலாளி கையில் கொடுத்து, பீரோவில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டுத்தான் நான் பில் கொடுப்பேன். "அப்புறம் உன்னை யார் கூப்பிடுவாங்க?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நோட்டை வாங்கிக்கொண்டவர்கள்தான் அடுத்த கிளைக்கும் கூப்பிடுகிறார்கள்.

இந்தத் துறைக்கு வரும் தம்பி தங்கைகள் இந்தப் பழக்கத்தை முதல் வேலையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும்.