டியூட்டர் மேடம் போன் பண்ணினால் பயப்படாதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மைக் பிடித்துப் பேசிப் பழக்கம் இல்லை. பத்தாவது வரைதான் படித்தேன். தலைவி அக்கா பேசச் சொன்னப்ப, "கடன் வாங்கித் தொழில் பண்ணி முன்னுக்கு வந்தவங்க பேசட்டும் அக்கா, எங்கிட்ட என்ன இருக்கு"ன்னு கேட்டேன். "உன் பொண்ணு காலேஜ் விஷயத்தைப் பேசு, நாலு பேருக்கு உதவும்"னாங்க. பொண்ணுகிட்ட கேட்டேன். "பேசும்மா, என் பேரை மட்டும் சொல்லாதே"ன்னா. அதனால பேர் சொல்லாமல் பேசுகிறேன்.

எங்க வீடு ஐயம்பேட்டை பக்கம். வீட்டில் ஒரு தறி. எங்க வீட்டுக்காரர் நெய்வார், நான் தார் சுற்றுவேன். கோர்வைச் சேலை பற்றி உங்களில் பாதிப் பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உடல் ஒரு கலர், கரை ஒரு கலர், மூணு நாடா ஓடணும். ஒரு ஆளால் முடியாது. பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுக்கணும். எனக்கு இடுப்பு வலி வந்ததிலிருந்து அந்த இடத்தில் உட்கார்ந்தது என் பெரிய பொண்ணு.

அவ அரசுப் பள்ளியில் படித்தவ. எங்க ரெண்டு பேர் குடும்பத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கின புதுமைப்பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் அவ பேங்க் கணக்குக்கு வருது. பஸ்ஸும் காசு இல்லை. பொண்ணு படிச்சிடுவான்னு நான் நிம்மதியா இருந்தேன்.

ஆனால் நம்ம ஊரில் ஒரு கஷ்டம் இருக்கு. தீபாவளி ஆர்டர், கார்த்திகை முகூர்த்தம்னு தறிக்கு வேலை அதிகமா இருக்கிற நேரம்தான் காலேஜில் செமஸ்டர் பரீட்சை வர்ற நேரம். போன வருஷம் ஐப்பசியில் கையில் மூணு சேலை ஆர்டர். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்"னு ஆரம்பிச்சது வாரத்துக்கு ரெண்டு நாள், மூணு நாள் ஆச்சு. கேட்டா காய்ச்சல்னு சொல்லுன்னு சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன். எங்க குழு வங்கிக் கடனில் என் பங்குக்கு மாசத் தவணை உண்டு. கூலி வரத் தாமதமானால் அவ ஆயிரம் ரூபாயை எடுத்துத் தவணை கட்டிடுவேன். அவ காலையில் அஞ்சு மணிக்குத் தறியில் உட்கார்ந்துட்டு ஏழரை பஸ்ஸுக்கு ஓடுவா. டப்பா கட்ட நேரம் இருக்காது. "கேன்டீனில் சாப்பிட்டுக்கோ"ன்னு சொல்லுவேன். காசு எங்கேன்னு நானும் நினைக்கலை, அவளும் கேட்கலை. தவணை தவறாத உறுப்பினர்னு எனக்குக் குழுவில் கை தட்டினீங்க. அந்தத் தவணையில் என் பொண்ணோட மத்தியானச் சாப்பாடும் இருந்தது.

அப்பதான் காலேஜிலிருந்து போன் வந்தது. "நான் உங்க பொண்ணோட டியூட்டர் பேசறேன் அம்மா, ஒரு தடவை வந்துட்டுப் போங்க." எனக்குக் கை நடுங்கிடுச்சு. பீஸ் கேட்பாங்க, இல்லாட்டி பொண்ணு ஏதோ தப்புப் பண்ணிட்டான்னு நினைச்சேன். வீட்டில் சொல்லலை. மறுபடி போன் வந்தப்ப எடுக்கலை. இப்படியே ஒன்பது நாள் போச்சு. சனிக்கிழமை குழுக் கூட்டத்தில் என் முகத்தைப் பார்த்துட்டு எங்க ஊக்குநர் அக்கா என்னன்னு கேட்டாங்க. அழுதுட்டேன். திங்கட்கிழமை அவங்களே கூட வந்தாங்க.

அந்த மேடம் என்னைத் திட்டலை. உட்காரச் சொல்லி, தண்ணி கொடுத்து, "பாப்பா ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குது?"ன்னுதான் முதலில் கேட்டாங்க. எனக்குப் பதில் வரலை. அப்புறம் அவங்க சொன்னாங்க: "லைப்ரரியில் மேசை மேல தலை வெச்சுத் தூங்கிட்டிருந்தா. ரெண்டு தடவை விட்டுட்டேன். மூணாவது தடவை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். நான் படிப்பை நிறுத்திட்டா வீட்டுக்கு நல்லது மேடம், நான் இல்லேன்னா இன்னும் நல்லதுன்னு சொன்னா. அந்த வார்த்தைக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன் அம்மா. அட்டெண்டன்ஸுக்காக மட்டும் இல்லை."

அந்த ஒன்பது நாளை நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு கலங்குது. நான் போனை எடுக்காமல் இருந்த அத்தனை நாளும், தினமும் என் பொண்ணைக் கூப்பிட்டுப் பேசி, சாப்பிட வெச்சு, காலேஜில் இருக்கிற கவுன்சலர்கிட்ட கூட்டிப் போனது அந்த மேடம்தான்.

அவங்க வேலை என்னன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுகிட்டேன். டியூட்டர்–வார்டு முறைன்னு சொல்றாங்க. வார்டுன்னதும் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம்தான் வந்தது. நம்ம பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைன்னு அர்த்தமாம். ஒவ்வொரு ஆசிரியருக்கும் இத்தனை பிள்ளைகள்னு பிரிச்சுக் கொடுத்துடுவாங்க. மார்க், வருகை, அரியர், உதவித்தொகை மனு, உடம்பு, மனசு எல்லாத்தையும் அவங்க பார்க்கணும். நாக் குழு காலேஜுக்குத் தரம் போட வரும்போதுகூட இந்தக் கணக்கைக் கேட்பாங்களாம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லித் தர்றவர் வேற, டியூட்டர் வேறயாம். பிள்ளைக்கு என்ன கஷ்டம்னு பார்க்கிறதுதான் அந்த டியூட்டருக்கு வேலை. நம்ம பக்கம் ரெண்டையும் ஒரே ஆள் பார்க்கிறாங்க.

"நல்லாப் படிக்கிற பொண்ணுக்கு ஏன் மேடம் இப்படி?"ன்னு கேட்டேன். அவங்க கணித மேதை ராமானுஜத்தைப் பற்றிச் சொன்னாங்க. அவர் அப்பா கும்பகோணத்தில் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதினவர். உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளை, கணக்கிலேயே மூழ்கி மற்ற பாடத்தில் தேறலை. உதவித்தொகை போச்சு. 1905-இல் வீட்டில் சொல்லாமலே விசாகப்பட்டினம் போயிட்டாராம். "அவ்வளவு பெரிய மூளைக்கும் கஷ்டம் வருது அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து என்ன ஆச்சுன்னு கேட்க ஒரு ஆள் வேணும்"னாங்க.

நானும் மறைக்காமல் எல்லாத்தையும் சொன்னேன். தறி, காய்ச்சல் பொய், ஆயிரம் ரூபாய் எல்லாம். மேடம் ஒரு பேப்பரில் எழுதிக் காட்டினாங்க. பரீட்சை எழுத 75 சதவீதம் வருகை வேணும். இவளுக்கு இருந்தது 68. மனு கொடுத்துக் கட்டணம் கட்டினா எழுதலாம். இன்னும் கீழே போனா அந்த வழியும் இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் உள் மதிப்பீடு 25 மார்க், பரீட்சை 75 மார்க். வகுப்புக்கு வராத பிள்ளைக்கு அந்த 25-லேயே அடி விழுது. "வராத நாளை வந்ததா நான் எழுத முடியாது. ஆனா உண்மையைச் சொன்னீங்கன்னா வழி காட்ட முடியும்"னாங்க.

வீட்டில் வந்து சொன்னப்ப அவர் ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "கையில் இருக்கிறதை முடிச்சுட்டு ஒத்த நாடாச் சேலை வாங்கி நெய்யறேன்"னார். அதுக்குக் கூலி குறைவு. மாசா மாசம் இடிக்கத்தான் செய்யுது. பொய் சொல்ல மாட்டேன். பரீட்சைக் கட்டணத்தைக் குழுச் சேமிப்பிலிருந்து உள்கடனா கொடுத்தீங்க. கட்டி முடிச்சுட்டேன். அந்த செமஸ்டரில் அவளுக்கு ரெண்டு பாடம் போச்சு. ஒண்ணை எழுதித் தேறிட்டா, இன்னொண்ணு பாக்கி. ஆனால் இப்ப டப்பா எடுத்துட்டுப் போறா, ராத்திரி தூங்குறா, தம்பியோட சண்டை போடுறா. எனக்கு அது போதும்.

சகோதரிகளே, நான் கேட்டுக்கொள்வது நாலே விஷயம்.

ஒண்ணு, பிள்ளை காலேஜில் சேர்ந்த முதல் மாசமே டியூட்டர் யாருன்னு கேட்டு, அவங்க நம்பரை உங்க போனில் போட்டு வையுங்க.

ரெண்டு, அவங்க கூப்பிட்டா அன்னைக்கே எடுங்க. தனியாப் போக பயமா இருந்தா குழுவில் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல வெட்கப்படாதீங்க. சொல்லாட்டி அவங்களுக்குத் தெரியாது.

மூணு, மகளிர் உரிமைத் தொகையை 2023-இல் நம்ம காஞ்சிபுரத்தில்தான் தொடங்கி வெச்சாங்க. அந்த ஆயிரம் நம்மளோடது. அதில் தவணை கட்டுங்க. பொண்ணோட ஆயிரத்தைத் தொடாதீங்க.

நாலு, பிள்ளை "நான் இல்லேன்னா நல்லது"ன்னு விளையாட்டுக்குச் சொன்னாலும் விட்டுடாதீங்க. பக்கத்தில் உட்காருங்க. 14416-ன்னு டெலி மனஸ் நம்பர் இருக்கு. ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் பேசலாம், காசு கிடையாது.

எங்க குழுவில் இப்ப தீர்மான நோட்டில் ஒரு வரி சேர்த்திருக்கோம். சேமிப்பு, தவணை வாசிச்ச பிறகு, "பிள்ளைங்க காலேஜுக்குப் போகுதா, சாப்பிடுதா"ன்னு ஒவ்வொருத்தரையும் கேட்கிறோம். ரெண்டு நிமிஷம்தான் ஆகுது. எல்லாக் குழுவிலும் இதைச் சேர்க்கணும்னு கூட்டமைப்பைக் கேட்டுக்கொள்கிறேன்.