பட்டியலின் அடியில் ஒரு தங்கம்



ஆசிய விளையாட்டு விழா ஒன்று நடந்து முடிந்ததும் செய்தித்தாள்கள் பதக்கப் பட்டியலை வெளியிடுகின்றன. பெருநாடுகளின் பெயர்கள் மேலே நிற்கும். சிறு நாடுகளின் பெயர்கள் அடியில் நிற்கும். நம் கண்கள் பெரும்பாலும் மேற்பகுதியைக் கண்டதும் திரும்பிவிடுகின்றன. தங்கம் ‘ஒன்று’ என்ற எண்ணோடு கீழே நிற்கும் நாட்டைப் பற்றி நாம் மிகுதியாக எண்ணுவதில்லை. அந்த ‘ஒன்று’ என்பதன் பொருளைக் குறித்தே இன்று உங்களோடு சிறிது பேச விரும்புகிறேன்.

பள்ளியில் பயின்ற நாளில் நான் உயரம் தாண்டுவதில் வல்லவன் அல்லன். ஆகவே, விழுந்த கம்பை எடுத்து மீண்டும் ஏற்றி வைக்கும் பணியே எனக்குக் கிடைத்தது. அப்பணியால் ஓர் உண்மையை அறிந்துகொண்டேன். அக்கம்பு தூண்களோடு சேர்த்துக் கட்டப்படுவதில்லை. இருபுறமும் உள்ள சிறு தாங்கிகளின்மேல் வெறுமனே கிடக்கிறது. உடல் சற்றே உராய்ந்தாலும் விழுந்துவிடும். தொடர்ந்து மூன்று முறை தவறியவர் போட்டியிலிருந்து விலக வேண்டும். தாண்ட வருகிறவர் எவ்வூரினர், எம்மொழியினர் என்று அக்கம்பு கேட்பதில்லை. உயரம் ஒன்றே அங்குள்ள கேள்வி.

இதனை மனத்திற்கொண்டு இலங்கைத் தீவின் வரலாற்றை நோக்குவோம். ஆசிய விளையாட்டு விழா முதன்முதலில் 1951 ஆம் ஆண்டு புதுதில்லியில் நடைபெற்றது. அடுத்தது 1954 இல் மணிலாவில். இவ்விரண்டிலும் இலங்கைக்குத் தங்கப் பதக்கம் கிட்டவில்லை. மூன்றாவது விழா 1958 ஆம் ஆண்டு மே 24 முதல் ஜூன் 1 வரை டோக்கியோ நகரில் நிகழ்ந்தது. அங்கே உயரம் தாண்டுதலில் 2.03 மீட்டரைக் கடந்து தங்கம் வென்றார் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். ஆசிய விழாவில் இலங்கை பெற்ற முதல் தங்கம் அதுவே.

அவர் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் பயின்றவர். 1952 இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 17. உங்களுள் பலருடைய வயதுதான். பின்னர் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1956 இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கிலும் தாண்டினார். அந்நாளில் தாண்டுவோரைத் தாங்குவதற்கு இன்று நாம் காணும் தடித்த மெத்தை இல்லை. மணலோ மரத்தூளோ நிரப்பிய குழியில்தான் விழவேண்டும். முதுகு கீழாக இருக்கத் தாண்டும் இன்றைய முறையும் 1968 இல் நடந்த மெக்சிகோ ஒலிம்பிக்கிற்குப் பின்னரே உலகெங்கும் பரவிற்று. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால், ஏறத்தாழ ஆறடி எட்டு அங்குலம் என்ற அவ்வுயரத்தின் அருமை விளங்கும்.

நண்பர்களே, அதே நாட்களில் இலங்கையில் நிகழ்ந்தது என்ன? சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் 1956 இல் நிறைவேறியிருந்தது. அதனால் வளர்ந்த பிணக்கு 1958 மே மாத இறுதியில் பெருங்கலவரமாக வெடித்தது. தமிழர் பலர் கொல்லப்பட்டனர். வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. மே 27 அன்று நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. கொழும்பில் அகதிகளாகிய தமிழர்கள் கப்பல்களில் ஏற்றப்பட்டு வடக்கே யாழ்ப்பாணத்திற்கு அனுப்பப்பட்டனர்.

இவ்விரு செய்திகளையும் நான் வெவ்வேறு நூல்களில் படித்திருந்தேன். ஒன்று விளையாட்டின் வரலாறு. மற்றொன்று அரசியலின் வரலாறு. தேதிகளை ஒரு நாள் அடுத்தடுத்து எழுதிப் பார்த்தபோதே, இரண்டும் ஒரே வாரத்து நிகழ்ச்சிகள் என்பதை உணர்ந்தேன். அன்று நெடுநேரம் என்னால் மேலே படிக்க இயலவில்லை. ஒரு தமிழ் இளைஞர் வெளிநாட்டு மைதானத்தில் தம் நாட்டின் பெயரைப் பதக்கப் பட்டியலில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்நாட்டிலோ அவர் மொழி பேசுவோர் தமிழர் என்பதற்காகவே தாக்கப்பட்டுக்கொண்டிருந்தனர்.

பட்டியலில் அத்தங்கம் இலங்கையின் பெயரால் எழுதப்பட்டது. தமிழர்க்கு ஒரு வரிசை, சிங்களவர்க்கு ஒரு வரிசை என்று அதில் இல்லை. வென்றவரின் புகழை நாடு தனதாக்கிக்கொள்கிறது, அது முறையே. ஆயின், அவ்வாறு கொள்ளும் நாடு, வென்றவரின் உற்றாரையும் ஊராரையும் தன்னவராகக் கருதக் கடமைப்பட்டதன்றோ? பெறுவதில் ஒருமையும் தருவதில் வேற்றுமையும் காட்டுதல் அறமாகாது.

எதிர்வீரசிங்கம் 1962 இல் ஜகார்த்தாவில் மீண்டும் இலங்கைக்காகத் தாண்டி வெள்ளி வென்றார். 2024 இல் அவர் மறைந்தார். இடைப்பட்ட காலத்தில் அத்தீவு நெடிய போரையும் கண்டது. தங்கங்களும் இடையிடையே வந்தன. 1970 இல் பாங்காக்கில் லூசியன் ரோசா 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஓட்டங்களில் வென்றார். 1998 இல் அதே நகரில் தமயந்தி தர்ஷா இரண்டும், சுகத் திலகரத்ன ஒன்றும் பெற்றனர். 2002 இல் பூசானில் சுசந்திகா ஜயசிங்க 100 மீட்டர் ஓட்டத்தில் முதல்வரானார். அதன்பின் தடகளத்தில் அடுத்த தங்கத்திற்கு 21 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. 2023 இல் ஹாங்சோ நகரில் 800 மீட்டர் ஓட்டத்தை வென்ற தருஷி கருணாரத்ன அப்போது 18 வயது மாணவி.

சிறு நாட்டிற்கு ஆட்கள் குறைவு. ஆகவே ஒருவரையும் இழக்க அதனால் இயலாது. எந்தச் சிற்றூரின் மணற்குழியில் அடுத்த வீரர் பயில்கிறார் என்பதை எவரே அறிவர்? அவர் எம்மொழி பேசுவார் என்பதையும் எவரே அறிவர்?

இனிப் பதக்கப் பட்டியலைக் காணும்போது, மாணவர்களே, அதன் அடிப்பகுதியையும் படியுங்கள். அங்குள்ள ஒவ்வோர் ‘ஒன்று’க்கும் பின்னால் ஒரு மனிதரும் ஓர் ஊரும் இருப்பதை நினையுங்கள். அந்த ஊரை அந்நாடு எவ்வாறு நடத்திற்று என்றும் கேளுங்கள்.