புகை காட்டும் பழுது

விளைபொருள் ஏற்றிய லாரி வழியில் நின்றால் நட்டம் நம்முடையதே. பழுது இன்னதென்று அறியுமுன் எஞ்சினைப் பிரிப்பது அதனினும் பெரிய நட்டம்.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றிலேயே டீசல் பற்றி எரிகிறது. எரிதலில் குறை நேர்ந்தால் புகையில் அதைக் காணலாம். கரும்புகை வந்தால் காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம், இஞ்செக்டரும் பழுதாகியிருக்கலாம். நீலப்புகை, எஞ்சின் ஆயில் எரிவதன் அறிகுறி. பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் வெண்புகை நீங்காவிடில், சிலிண்டருள் நீர் இறங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். 2020 முதல் வந்த பி.எஸ். 6 லாரிகளில் வடிகட்டி புகையைத் தடுப்பதால், ஸ்கேனர் கருவியும் வேண்டும்.

எளியதை முதலிலும் பெருஞ்செலவானதை இறுதியிலும் பார்ப்பதே நல்ல பட்டறையின் முறை. வண்டியை விடும்போது, கண்ட புகையின் நிறத்தை நாம் மறவாது கூறுவோமாக.