வருகிற சனிக்கிழமை இரவு



கோயில் மதிலிலும் சந்தைக்கடைத் தூணிலும் பசை பூசி ஒட்டப்பட்ட நாடக நோட்டீசை நின்று வாசியாதவர் நம்மிடையே மிகச் சிலரே. "வருகிற சனிக்கிழமை இரவு" என்று தொடங்கும் அந்தத் தாளிலே நாடகத்தின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். நடிகர்களின் பெயர்கள் அதற்குச் சிறிதும் குறையாத எழுத்தில் இருக்கும். ராஜபார்ட் இன்னார், ஸ்திரீபார்ட் இன்னார், பபூன் இன்னார், ஆர்மோனியம் இன்னார், மிருதங்கம் இன்னார் என்று வரிசையாகச் சொல்லிய பின்னர், இடம், நேரம், கட்டணம் ஆகியன வரும். கதைச் சுருக்கம் பெரும்பாலும் இராது. இருந்தாலும் அதனை எவரும் வாசிப்பதில்லை. அரிச்சந்திரன் சுடலை காத்ததை நாம் அறிவோம். வள்ளி யாருக்கு மாலையிட்டாள் என்று தெரிந்துகொள்வதற்காக ஒருவரும் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போவதில்லை.

அப்படியானால் எதற்காகப் போகிறார்கள்? பாட்டுக்கும் சிரிப்புக்குமாகப் போகிறார்கள். தெரிந்த கதைக்குள்ளே இன்றிரவு இந்த ஆள் எப்படிப் பாடப்போகிறார், அந்தப் பபூன் நம்மூரைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்பதே ஆவல். சிற்றூர் மேடையின் இயல்பு இதுதான். அந்த மேடை எவ்வாறு இயங்குகிறது, அது நம்மிடம் எதனை எதிர்பார்க்கிறது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

யாழ்ப்பாணத்து முதியவர்கள் இந்த நாடகத்தைக் "கொட்டகைக் கூத்து" என்பார்கள். "டிறாமா" என்றும் சொல்வதுண்டு. வட்டக்களரியிலே ஆடப்பட்ட பழைய கூத்து வேறு. திரையும் பக்கத்தட்டிகளும் ஆர்மோனியமும் கொண்டு கொட்டகைக்குள் நடந்த இது வேறு. பம்பாயிலிருந்து புறப்பட்ட பார்சி நாடகக் குழுக்களின் வழிவந்த முறை இது. அந்தக் குழுக்களைப் பார்த்தே தமிழ்நாட்டிலும் நாடகக் கம்பெனிகள் எழுந்தன. நம் நாட்டுச் சிங்கள மேடையிலே ஜோன் டி சில்வா முதலியோர் வளர்த்த நூர்த்தியும் அதே தாயின் பிள்ளைதான். கொழும்பு மருதானையில் 1911ஆம் ஆண்டு திறக்கப்பட்ட டவர் மண்டபம் அந்தக் கலைக்கு வீடாக இருந்தது. தமிழ்க் கொட்டகை நாடகத்துக்கு உயிர்கொடுத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் பிறந்து 1922இல் மறைந்த அப்பெரியார் எழுதிய வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலிய நாடகங்கள் கடல் கடந்து நம்மிடமும் வந்தன. தமிழ்நாட்டுக் குழுக்கள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் கொட்டகையடித்து ஆடின. பார்த்திருந்த நம்மவர்களும் கற்றுக்கொண்டு ஆடத் தொடங்கினர்.

பிற்காலத்தில் தமிழ்நாட்டிலே கம்பெனிகள் கலைந்தபோது, "ஸ்பெஷல் நாடகம்" என்ற ஏற்பாடு வலுப்பெற்றது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களில் இன்றும் கோயில் திருவிழாக்களில் நடைபெறுவது அதுவே. இதன் அமைப்பு வியப்புக்குரியது. நடிகர்கள் ஒரு குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஒவ்வொருவரும் தனித்தனியே பேசி அமர்த்தப்படுகிறார்கள். ஒத்திகை என்பது கிடையாது. ஓர் ஊரிலிருந்து வள்ளியும், மற்றோர் ஊரிலிருந்து நாரதரும், வேறோர் ஊரிலிருந்து ஆர்மோனியக்காரரும் மாலையில் வந்திறங்குவார்கள். இரவு பத்து மணியளவில் திரை உயரும்; விடியும்வரை நாடகம் நடக்கும். அன்றுவரை ஒருவரையொருவர் காணாத இருவர் கணவனும் மனைவியுமாக நின்று பாடுவதும் உண்டு. கதையும் பாட்டும் எல்லாருக்கும் பாடமாதலால் இது கைகூடுகிறது. பாடமில்லாத பகுதிதான் கடினமானது. பபூனுடைய பகுதி அதுவே.

திரை உயர்ந்து கடவுள் வணக்கம் முடிந்ததும், நாடகத்தின் கதை தொடங்குமுன்னர், பபூன் தனியாக வருகிறார். துணைக்கு அரசனும் இல்லை, அரசியும் இல்லை. மேடையின் ஓரத்தில் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மட்டும் இருக்கிறார்கள். ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு வந்து, சபையோரை வணங்கி, "நான் வந்த வழியிலே" என்று பேச்சைத் தொடங்குவார். அடுத்த அரைமணி நேரம் அவருடைய தலையிலே. சபை இன்னும் அடங்கியிராது, பிள்ளைகள் கத்துவார்கள், கச்சான்காரி விற்றுக்கொண்டிருப்பாள், பின்வரிசையில் இடத்துக்குச் சண்டை நடக்கும். இந்தக் கூட்டத்தை ஒரே சபையாக்கித் தருவது அவர் கடமை. சுருங்கச் சொன்னால், பின்னால் வரப்போகும் ராஜபார்ட்டுக்கு ஒரு காதைத் தயார் செய்து கொடுப்பவர் அவர்.

தொழில் தெரிந்த பபூன் மாலையிலேயே ஊருக்குள் ஒரு நடை போய்வருவார். தேநீர்க் கடையிலே அரைமணி நேரம் இருந்தால் போதும். எந்த வீதி குண்டும் குழியுமாகக் கிடக்கிறது, எந்தக் கிணற்றில் நீர் வற்றிவிட்டது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு வராமல் விடுகிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். இரவிலே அவர் அந்தக் குழியில் விழுந்தெழும்பி வந்ததாக நடித்துக் காட்டும்போது, பலநாளாய் மனத்துக்குள்ளே வைத்திருந்த ஒரு குறையை ஊரார் முதன்முறையாக ஒன்றுகூடி உரக்கச் சிரித்து வெளியிடுகிறார்கள். முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெரிய மனிதரும் சிரிக்க வேண்டியவராகிறார். அவர் சிரிக்கும்படியாகவும், அதேவேளை அவருக்குச் சுடும்படியாகவும் சொல்ல வேண்டும். அளவு பிசகினால் மறு ஆண்டு அழைப்பு வராது. ஆர்மோனியக்காரரோ மிருதங்கக்காரரோ இடையிடையே குறுக்குக் கேள்வி போடுவார். "நீர் எந்த ஊர்?" என்ற ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு கால்மணி நேரம் விளையாடுகிறவர்கள் உண்டு.

இரட்டை அர்த்தப் பேச்சை மட்டும் நம்பி மேடையேறுகிற பபூன்களும் உள்ளனர். பெண்களையும் நொண்டி, கூனரையும் எளிய சாதியாரையும் கேலி செய்து சிரிப்பு வாங்குவது மலிவான வியாபாரம். அதனைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். தாய்மார்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எழுந்து போவார்கள். இதனைக் காரணமாகக் காட்டிப் பபூனே வேண்டாம் என்று சொல்கிற விழாச் சபையாரும் இருக்கிறார்கள். கள்ளில் கலப்படம் என்று பனையைத் தறிப்பதற்கு ஒப்பானது அது.

இனிப் பாட்டுக்கு வருவோம். கொட்டகை நாடகத்திலே பாட்டு உரையாடலின் மேல் வைத்த அலங்காரமன்று. சண்டையும் வழக்கும் காதலும் பாட்டாலேயே நடக்கும். வள்ளியும் வேடனாக வந்த முருகனும் தினைப்புனத்திலே செய்யும் தர்க்கத்துக்காகவே மக்கள் தூக்கத்தை விரட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். ஒருவர் ஒரு கேள்வியை வீசுவார். மற்றவர் அந்தக் கணத்திலேயே விடை தேட வேண்டும். சுருதியை உயர்த்தி ஒருவர் பாடினால் மற்றவர் அதற்குமேல் போக வேண்டும். ஆர்மோனியக்காரர் பின்பாட்டுப் பாடி நெருப்பை மூட்டுவார். இந்தப் போட்டியில் பெயர்பெற்றவர்கள் எஸ். ஜி. கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும். அவ்விருவரும் 1926இல் நம் கொழும்பு மாநகரிலே ஒரே மேடையில் ஏறி நடித்தார்கள் என்பது நமக்குப் பெருமை. மேடையிலே எதிர்நின்று பாடியவர்கள் பின்னர் மணவாழ்விலும் இணைந்தனர். 1933இல் இருபத்தேழாம் வயதிலே கிட்டப்பா மறைந்தார். அவர் பாடிய இசைத்தட்டுகள் உள்ளன. ஆயினும், எதிராளியின் முகத்தைப் பார்த்து அவர் ஒரு சங்கதியை மாற்றிப் பாடிய இரவு எந்தத் தட்டிலும் இல்லை.

நம்மவருள் நடிகமணி வி. வி. வைரமுத்துவை அறியாதவர் யார்? 1924இல் பிறந்து 1989இல் மறைந்த காங்கேசன்துறைக் கலைஞர் அவர். தம்முடைய வசந்த கான சபாவைக் கொண்டு ஊர் ஊராகச் சென்று ஆடினார். அரிச்சந்திர மயான காண்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆயிரக்கணக்கான மேடைகளில் அவர் சுடலை காத்திருக்கிறார். அதே ஊரார் அதே மயான காண்டத்தை ஐந்தாம் முறையும் ஆறாம் முறையும் பார்த்து அழுதிருக்கிறார்கள். அந்த அழுகைக்கு முன்னே சிரிப்பும் உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது. அரிச்சந்திரனிடம் கடன் வசூலிக்க வந்து அவனை வழியெல்லாம் வதைக்கும் நட்சத்திரேசனும், சந்திரமதியை விலைக்கு வாங்கும் காலகண்ட ஐயரும் சபையைச் சிரிக்க வைப்பவர்கள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் மயானத்துக்கு வந்ததும் திடுக்கிட்டு அடங்கிவிடுகிறார்கள். இரவு நீளமாக இருந்தமையாலேயே இந்த ஏற்றமும் இறக்கமும் இயன்றன.

1931இல் தமிழ்ப் பேசும்படம் வந்தது. கொட்டகைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படமாளிகைகளாயின. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் முதலாய பல நகைச்சுவை நடிகர்கள் மேடையில் கற்றதைத் திரைக்குக் கொண்டுபோனார்கள். வானொலியும் தன் பங்கைச் செய்தது. "சானா" சண்முகநாதனின் லண்டன் கந்தையாவும், இலங்கையர்கோனின் விதானையார் வீட்டிலும் யாழ்ப்பாணத்துப் பேச்சை நகைச்சுவைக்கு உரிய பேச்சாக நாடெங்கும் ஒலிக்கச் செய்தன. வானொலியிலே ராமதாஸ் படைத்த கோமாளிகள், நம் நாட்டுத் தமிழின் பல வழக்குகளையும் ஒரே கூரையின்கீழ் பேசவைத்து, 1976இல் திரைப்படமாகவும் வந்தார்கள். கே. எஸ். பாலச்சந்திரன், ஒரு பஸ் கண்டக்டரின் வாய்ச்சொல்லை எடுத்துக்கொண்டு "அண்ணை றைற்" என்று தனியாளாக மேடையிலே நின்று சனங்களைச் சிரிக்கவைத்தார். பபூன் தனியாக வந்து நின்ற அதே இடத்திலேதான் அவரும் நின்றார்.

வானொலிக்கு ஒரு குறை உண்டு. அதை நானே இப்போது அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். நான் சொன்ன கச்சான்காரியைக் கேட்டு நீங்கள் முறுவலித்தீர்களா, அல்லது பெட்டியின் குமிழைத் திருகிவிட்டீர்களா என்பது எனக்குத் தெரியாது. மேடைக்காரருக்கு அது அந்தக் கணத்திலேயே தெரிகிறது. சிரிப்பு எழுந்தால் அவர் ஒரு மூச்சு நிறுத்துகிறார்; எழாவிட்டால் வேறு பக்கம் தாவுகிறார். அந்த நிறுத்தத்தை எழுதிவைக்க முடியாது. ஆகவேதான் பபூனுக்கு நூல் இல்லை. பக்கத்தட்டிக்குப் பின்னால் நின்று நூறு இரவு கேட்ட ஒரு பையன்தான் அடுத்த பபூன்.

நூறு இரவு கிடைக்காமற் போனதே நம் பகுதியில் நேர்ந்த இழப்பு. 1983இன் பின்னர் போரும் ஊரடங்குச் சட்டமும் இரவுகளை நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டன. விடியவிடிய ஆடிய நாடகம் மாலை நேரத்தில் ஒடுங்கியது. கலைஞர்கள் பலர் இடம்பெயர்ந்தார்கள். பலர் கடல் கடந்தார்கள். 2009இல் போர் ஓய்ந்தது; இரவு மீண்டும் வந்தது. ஆயினும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும் என்ற வழக்கம் நிலைத்துவிட்டது. நேரம் குறுகும்போது முதலிலே வெட்டப்படுவது பபூனின் பகுதி. அடுத்து வெட்டப்படுவது தர்க்கம். கதை மட்டும் மிஞ்சுகிறது. கதைதான் நமக்குத் தெரியுமே!

எனவே விழாச் சபையாரை ஒன்று கேட்டுக்கொள்வேன். பரிசளிப்புக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் ஒரு மணி நேரத்திலே பாதியைப் பபூனுக்குக் கொடுத்துப் பாருங்கள். நாடகம் பார்க்க வருவோரும் "எட்டு மணி" என்றால் ஒன்பதரைக்கு வருவதை விடவேண்டும். தொடக்கத்தில் இருப்பது பபூனே. கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டும். நோட்டீசிலே பெயர் போட்டிருக்கும் அந்த மிருதங்கக்காரர் மறுநாள் காலையில் அரிசி வாங்கவேண்டியவர். மேடையில் அரசனென்று கைதட்டியவனை விடிந்ததும் வீதியிலே "அடே" என்று அழைத்த ஊர்களும் நம்மிடையே இருந்தன. பாட்டுக்குத் தலையாட்டிவிட்டு, பாடியவளுக்கு வாடகைக்கு வீடு தர மறுத்த தெருக்கள் தமிழ்நாட்டிலே இருந்தன. தன் மகன் இந்தத் தொழிலுக்கு வரவேண்டாம் என்று ஓர் அண்ணாவியார் சொன்னால், கூலி குறைவு என்பது மட்டும் அதற்குக் காரணமன்று.

மற்றொன்று. தொலைபேசியிலே முழு நாடகத்தையும் பிடித்துக்கொண்டு போகிறவர்களைக் காண்கிறோம். பிடிப்பதில் பிழையில்லை, வெளிநாட்டிலுள்ள உறவினர் பார்த்து மகிழட்டும். ஆனால், பிடிக்கிறவர் சிரிப்பதில்லை. கை அசைந்துவிடும் என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டிருக்கிறார். முன்வரிசை முழுவதும் இப்படி வாயை மூடிக்கொண்டிருந்தால், அந்தப் பபூன் யாரை நம்பி அடுத்த வார்த்தையைச் சொல்வார்?

அடுத்த முறை அந்த நோட்டீசைக் கண்டால், கிழமையையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பாய் ஒன்று கொண்டுபோங்கள். பனி பெய்யும் மாதமானால் தலைக்கு ஒரு துண்டும் வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நித்திரையாகிவிடுவார்கள் என்று வீட்டில் விட்டுப் போக வேண்டாம். நித்திரையாகத்தான் செய்வார்கள், நட்சத்திரேசன் வரும்போது தங்களை எழுப்பிவிடவேண்டும் என்று தாயிடம் சொல்லி வைத்துவிட்டே உறங்குவார்கள்.