மலையிலும் வேண்டும் பாதுகாப்பு
(எமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பட்டம் பெற்றபின் என்ன தொழில் என்று கேட்போரிடம், "தொழிற் பாதுகாப்புப் பயிற்சி அளிப்பேன்" என்கிறேன். ஆசிரியர், கிளாக்கர் என்று எதிர்பார்த்தவர்கள் வியக்கிறார்கள்.

காரணம் உண்டு. கொழுந்தெடுக்கையில் குளவி கொட்டி என் தாயார் மூன்று நாள் படுக்கையிற் கிடந்தார். கூடு இருந்தது முதல் நாளே பலருக்குத் தெரியும். யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியவில்லை.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஆலையின் இயந்திரத்துக்கு வேலி கேட்கிறது. மலையில் கூடை சுமப்பவருக்கு அது எட்டவில்லை. 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் தோன்றியது. 2022இல் சர்வதேச தொழில் தாபனம் பாதுகாப்பான வேலைச் சூழலை அடிப்படை உரிமைகளுள் சேர்த்தது.

ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது. மலையேறுமுன் கூடு பார்த்து அடையாளம் கட்டுவதையும், மருந்தடிப்பவர் காற்றுக்கு எதிரே நில்லாமல், கைகழுவியே உண்பதையும் நம் மொழியில், பிரட்டுக்களத்திலேயே சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும்.

இளைஞர்களே! இது பிழைப்பு மட்டுமன்று, தொண்டுமாகும். காலையில் கூடையோடு போனவர் மாலையில் நலமாக லயம் திரும்பவேண்டும். சங்கத்தின் முதலுதவி வகுப்பு ஒன்று அதற்கு முதற்படியாகட்டும்.