ஆடியும் அடைமழையும்

ஆடி பிறந்துவிட்டது. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியைக் கேட்காத தமிழர் இருக்க மாட்டார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் மாடியிலும் கொல்லையிலும் தோட்டம் போடுகிறவர்கள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றக் கூடாது என்பது என் கட்சி.

காரணம் மழை. சென்னையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. கோவைக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது நம் மழையில் பாதிதான். அங்கே ஐப்பசி மழைக்காகச் செடி ஏங்கி நிற்கும். இங்கே அதே மழையில் பைக்குள் நீர் தேங்கி வேர் அழுகும்.

ஆகவே மழைக்கு முன் முடிந்துவிடுகிற பயிர்களை ஆடியின் முதல் வாரத்திலேயே ஊன்றிவிடுங்கள். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். கொத்தவரையும் அப்படியே. சிறுகீரையை இருபத்தைந்து நாளில் பிடுங்கிவிடலாம். புடலை, பீர்க்கு, பாகல் கொடிகளையும் இப்போதே பந்தலேற்றலாம். முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்கள்தான். 'பூ உதிர்கிறதே' என்று உரத்தைக் கொட்ட வேண்டாம். பீர்க்கும் புடலையும் மாலையில் பூக்கும். மாடியில் தேனீ வராவிட்டால் அந்த நேரத்தில் நாமே ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் தடவிவிட வேண்டும்.

ஆடிக்கே உரிய செடி என்றால் எனக்குப் பந்தல் அவரைதான். நாட்டு அவரை பகல்பொழுது சுருங்கும்போதுதான் பூக்கும். இப்போது ஊன்றினால் மூன்று மாதம் கொடியும் இலையுமாக ஓடி, கார்த்திகை, மார்கழியில் கொத்துக் கொத்தாகப் பூத்து, பொங்கல் குழம்புக்குக் காய் தரும். இதே விதையைச் சித்திரையில் ஊன்றுகிறவர்கள் பந்தல் நிறைய இலையைப் பார்த்துவிட்டு 'விதை மோசம்' என்கிறார்கள். பாவம், விதை என்ன செய்யும்? இடம் குறைவு, காத்திருக்கவும் முடியாது என்றால் செடி அவரை வாங்கிக்கொள்ளுங்கள். ருசி கொஞ்சம் மட்டுதான். மார்கழிப் பனியில் அவரைக் கொழுந்தில் அசுவினி மொய்க்கும். வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலில் கலந்து மாலை வேளையில் இலையின் அடிப்பக்கம் தெளித்தால் கட்டுப்படும்.

பந்தல் பலமாக இருக்கட்டும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் பெரிய மரங்களையே சாய்த்துப் போட்டது; மாடிப் பந்தல் எம்மாத்திரம்? ஆளுயரத்துக்கு மேல் போகாமல், கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கட்டுங்கள்.

விதையைச் சோதிக்காமல் விதைக்காதீர்கள். ஆடியில் அம்மன் கோயில்களில் முளைப்பாரி எடுக்கிறோமே, பக்தி ஒருபுறமிருக்க, எந்த விதை நன்றாக முளைக்கிறது என்று ஊரே பார்த்துத் தெரிந்துகொள்ள அது ஒரு வழி. வீட்டில் பத்து விதையை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஆறுக்குக் குறைவாக முளைத்தால் வேறு விதை தேடுவது நல்லது.

புரட்டாசி முடிவதற்குள் பைகளைச் செங்கல் மீது ஏற்றி, அடித்துளைகளில் அடைப்பு நீக்கிவிடுங்கள். அடைமழை நாட்களில் உரமே வேண்டாம்; அத்தனையும் கரைந்து சாக்கடைக்குத்தான் போகும்.

தக்காளியைப் பற்றிக் கேட்பீர்கள். ஆடியில் வேண்டாம். காய் பிடிக்கிற நேரத்தில் மழை வந்து இலைக் கருகலும் பழ வெடிப்புமாக முடியும். கார்த்திகைக் கடைசியில் கூரைக்கடியில் நாற்று விட்டு, மழை ஓய்ந்தபின் தையில் பிடுங்கி நடுங்கள். வெயில் உக்கிரமாவதற்குள் காய் பறித்துவிடலாம்.