எல்லை கடந்து வந்தவர்களும் நம் சட்டமும்

(யூபிலி விழாவையொட்டி நம் பங்கு மக்களிடையே ஆற்றிய உரை)

 

யூபிலி விழாவில் பேச வருகிறவர்கள் பங்கின் பழம்பெருமையை எடுத்துச் சொல்வது வழக்கம். எங்களுக்கோ வேறொரு பொருள் தரப்பட்டிருக்கிறது. இலங்கையிலிருந்து வந்து தமிழ்நாட்டில் வாழ்கிறவர்களைப் பற்றி மக்கள் அடிக்கடி கேட்கும் சட்டக் கேள்விகளுக்கு எளிய தமிழில் விடை சொல்லுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். யூபிலிக்கு இது பொருந்தாத பொருள் அல்ல. லேவியர் ஆகமத்தின் 25ஆம் அதிகாரத்தில் யூபிலி ஆண்டு என்பது அவரவர் தம் நிலத்துக்கும் தம் குடும்பத்துக்கும் திரும்பிச் செல்லும் ஆண்டு. திரும்பிச் செல்ல நிலமும் இல்லை, இருக்கிற இடத்தில் உரிமையும் இல்லை என்ற நிலையில் உள்ளவர்களை இந்த ஆண்டில் நினைக்காமல் வேறு எப்போது நினைப்பது?

நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அங்குள்ள பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு படிக்கிறார்கள். பெண் கொடுத்தும் பெண் எடுத்தும் நமக்கு உறவினர் ஆகியிருக்கிறார்கள். ஆகவே இது அயலார் விவகாரம் அன்று, நம் வீட்டு விவகாரம்.

நாங்கள் சொல்ல விரும்புவது சுருக்கமாக இதுதான். குடியுரிமைச் சட்டம் ஒருவரிடம் மூன்று செய்திகளைக் கேட்கிறது: எங்கே பிறந்தாய்? எந்தத் தேதியில் பிறந்தாய்? உன் தாயும் தந்தையும் யார்? இந்த மூன்றுக்கும் பத்திரம் உள்ளவனுக்குச் சில வழிகளாவது திறந்திருக்கும். பத்திரம் இல்லாதவன், உரிமை இருந்தும் வாசலில் நிற்க வேண்டியதுதான்.

வந்தவர்கள் இரு வகையினர்

கேள்விகளுக்குப் போகுமுன் ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ளவேண்டும். முதல் வகையினர் மலையகத் தமிழர். வெள்ளையர் காலத்தில் திருச்சி, சேலம், மதுரை போன்ற மாவட்டங்களிலிருந்து காப்பி, தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யப் போனவர்களின் வழிவந்தவர்கள். 1948ஆம் ஆண்டு இலங்கைக் குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. சந்தையில் மாடு பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தார்கள் என்று அன்று வருந்தியவர்கள் உண்டு. இந்த ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டுடன் வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. அவர்கள் அகதிகள் அல்லர், இந்தியக் குடிமக்கள்.

இரண்டாம் வகையினர் 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் உயிர் தப்ப ஓடி வந்தவர்கள். யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை என்று பல இடங்களிலிருந்தும் பெரும்பாலோர் படகில் வந்தார்கள். 1983 முதல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாகத் தமிழ்நாடு அரசின் கணக்கு. 2021ஆம் ஆண்டில் 108 முகாம்களில் ஏறத்தாழ 58,800 பேரும், முகாமுக்கு வெளியே ஏறத்தாழ 34,000 பேரும் இருந்தார்கள். அவ்வாண்டு முதல் அகதிகள் முகாம் என்ற பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றப்பட்டது.

இந்த இரு வகையும் கலந்த ஒரு மூன்றாம் கூட்டமும் உண்டு. 1984இல் போர் காரணமாகத் தலைமன்னார் - இராமேசுவரம் கப்பல் நின்றபோது, இந்தியக் குடியுரிமைக்குப் பதிவாகியும் வந்து சேர முடியாமல் பல ஆயிரம் மலையகத்தார் அங்கேயே தங்கிவிட்டார்கள். பின்னர் அவர்களில் சிலர் அகதிகளாகப் படகேறி வந்தார்கள். இவர்களின் பழைய பத்திரங்களைத் தேடிப் பார்ப்பது மிகவும் அவசியம். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறோம்.

இனிக் கேள்விகள்

1. "இந்தியாவில் பிறந்த பிள்ளை இந்தியன்தானே?"

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். விடை பிறந்த தேதியைப் பொறுத்தது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு காலத்தை மூன்றாகப் பிரிக்கிறது.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டினராயினும், பிறப்பால் இந்தியர். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவரும் இந்தியராக இருக்கவேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்கவேண்டும்.

இந்தத் தேதிகளை வீட்டுக்குப் போனதும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். பிறந்த தேதியும் இடமும் பிறப்புச் சான்றிதழில் தெளிவாக இருந்தன. அவர் பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட் வழங்குக என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பாயிற்று. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் திருச்சியில் வாக்களித்தார். அதே முகாமில் பதினைந்து மாதம் கழித்து, பெற்றோர் இருவரும் இலங்கையராகப் பிறந்த பிள்ளைக்கு அந்த உரிமை இல்லை. சட்டம் அப்படி இருக்கிறது.

2. "எங்கள் பெண்ணை முகாம் பையனுக்குக் கொடுத்திருக்கிறோம். மருமகனுக்குக் குடியுரிமை வருமா? பேரப்பிள்ளைக்கு?"

முதலில் பெண்ணைப் பற்றிப் பயம் வேண்டாம். அயல்நாட்டவரை மணப்பதால் அவளுடைய இந்தியக் குடியுரிமை போய்விடாது. மருமகனுக்கோ திருமணத்தால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது. இந்தியரை மணந்து ஏழாண்டு இங்கே வாழ்ந்தவர் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று 5ஆம் பிரிவு சொல்லுகிறது. ஆனால் செல்லத்தக்க பாஸ்போர்ட் இன்றி நாட்டுக்குள் வந்தவரைச் சட்டம் 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. அப்படிப்பட்டவர் பதிவு வழியாகவோ, நீண்ட காலம் வாழ்ந்ததன் வழியாகவோ விண்ணப்பிக்க முடியாது. உயிர் தப்பப் படகேறியவன் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போய்விட்டா வருவான் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஆயினும் சட்டத்தின் வாசகம் அதுதான்.

இதனால் மிகவும் பாதிக்கப்படுவது பேரப்பிள்ளை. 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்தவன் என்றால், தாய் கீழ்பென்னாத்தூர்க்காரி ஆனாலும், தந்தையின் நிலையைக் காட்டி அவனுடைய குடியுரிமை மறுக்கப்படலாம். கல்யாணம் பேசும்போது நகை, சீர் பற்றி மூன்று நாள் பேசுகிறோம். இதைப் பற்றி மூன்று நிமிடம் பேசுவதில்லை. கல்யாணம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அறிந்து செய்யுங்கள், பத்திரத்தோடு செய்யுங்கள் என்கிறோம். கோவிலில் நடந்த திருமணமாயினும், 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும்.

3. "ஆதார் அட்டை இருக்கிறதே, போதாதா?"

போதாது. ஆதார் என்பது இங்கே குடியிருப்பதைக் காட்டுவது. அது குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று 2016ஆம் ஆண்டு ஆதார்ச் சட்டமே சொல்லுகிறது. ரேஷன் அட்டையும் அப்படியே.

4. "புரோக்கர் ஒருவர் பாஸ்போர்ட் எடுத்துத் தருவதாகச் சொல்லுகிறாரே?"

தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். குடிமகன் அல்லாத ஒருவர் தம் நாட்டை மறைத்து இந்தியப் பாஸ்போர்ட் பெற்றால், 1967ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி ஓராண்டுக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை, அபராதமும் உண்டு. பொய்ப் பெயரில் வாக்காளர் பட்டியலில் சேர்வதும் குற்றமே. இன்று சுலபமாகத் தோன்றும் பொய், நாளை உண்மையான விண்ணப்பத்தையும் கெடுத்துவிடும்.

படகில் ஆஸ்திரேலியா கொண்டுபோய் விடுகிறோம் என்று பணம் கேட்பவர்களையும் நம்பவேண்டாம். விசா இன்றிப் படகில் வருபவரைக் குடியமர்த்துவதில்லை என்பது 2013 முதல் அந்நாட்டின் கொள்கை. நகை போனால் மீட்கலாம், கடலில் போன பிள்ளையை மீட்க முடியாது.

5. "புதிய சட்டங்களால் இவர்களுக்கு நன்மை உண்டா?"

2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த, சொல்லப்பட்ட சமயத்தவர்களுக்கு மட்டுமே. கிறிஸ்தவர்கள் அதில் அடங்குவர். ஆனால் இலங்கை அதில் இல்லை. ஆகவே இலங்கையிலிருந்து வந்த இந்துவுக்கும் பயனில்லை, கிறிஸ்தவருக்கும் பயனில்லை.

2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் அயல்நாட்டினர் சட்டம் நடைமுறைக்கு வந்து, 1946ஆம் ஆண்டு அயல்நாட்டினர் சட்டம் நீங்கியது. அதனுடன் வெளியான விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து அரசிடம் பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழரைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கியுள்ளது. இது பெரிய ஆறுதல். ஆனால் இந்த ஆணையே குடியுரிமை தந்துவிடவில்லை. பதிவு செய்தவர்க்கே இந்த விலக்கு என்பதையும் கவனியுங்கள்.

6. "அப்படியானால் இவர்களுக்கு எந்த உரிமையும் இல்லையா?"

உண்டு. அகதிகள் பற்றிய 1951ஆம் ஆண்டு உலக உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை என்பது உண்மை. ஆனால் நம் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவு உயிருக்கும் உடல் சுதந்திரத்துக்கும் தரும் பாதுகாப்பு 'குடிமக்களுக்கு' என்று சொல்லவில்லை, எந்த மனிதருக்கும் என்றுதான் சொல்லுகிறது. அருணாசலப் பிரதேசத்துச் சக்மா மக்கள் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. இலவச சட்ட உதவியும் அவ்வாறே. பெண்கள், குழந்தைகள் வருமானக் கணக்கு இன்றியே அதைப் பெறலாம். திருவண்ணாமலையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணில் கட்டணமின்றிக் கேட்கலாம்.

7. "ஊருக்கே திரும்பிப் போக நினைக்கிறவர்கள் என்ன செய்யவேண்டும்?"

இங்கே பிறந்த பிள்ளை தானாகவே இலங்கையர் ஆகிவிடுவதில்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை இலங்கை அரசிடம் பதிவு செய்தால்தான் வம்சாவழிக் குடியுரிமை கிடைக்கும். இதைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் செய்யவேண்டும். 2003 முதல் தாய் வழியாகவும் இது கிடைக்கும். ஓராண்டுக்குள் செய்வது எளிது. பிந்தியும் செய்யலாம், ஆனால் அனுமதி வேண்டும். இதைச் செய்யாவிட்டால் பிள்ளை இந்தியனும் ஆகாமல் இலங்கையனும் ஆகாமல் நடுவில் நின்றுவிடுவான். திரும்பும் எண்ணம் இல்லாதவர் இதைச் செய்யுமுன் ஒரு வழக்கறிஞரைக் கேட்பது நல்லது. ஏனெனில் இந்தப் பதிவு இந்தியக் குடியுரிமைக் கோரிக்கையைப் பாதிக்கலாம்.

8. "தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் ஒன்று பெட்டியில் இருக்கிறது. அதனால் என்ன பயன்?"

மிகுந்த பயன் உண்டு! முன்னர் சொன்ன மூன்றாம் கூட்டத்தாருக்கு அந்தப் பாஸ்போர்ட்டோ, இந்தியத் தூதரகத்தில் பதிவான கடிதமோதான் உயிர்நாடி. தந்தை 1964 ஒப்பந்தப்படி இந்தியராகப் பதிவானவர் என்று காட்ட முடிந்தால், பிள்ளைகளின் கோரிக்கைக்கு அதுவே அடிப்படை ஆகும். திருச்சி முகாம்களில் இருந்த மலையகத்தார் 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்கள் கலெக்டர் வழியாக விண்ணப்பிக்கவும், மத்திய அரசு பரிசீலித்து முடிவெடுக்கவும் 2019 ஜூனில் மதுரைக் கிளை உத்தரவிட்டது. பழைய தாள் என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

நம் பங்கு என்ன செய்யலாம்?

சட்டத்தைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. பத்திரத்தைத் தேடிக் கொடுப்பது நம்மால் ஆகிற வேலை.

இந்தியாவில் நிகழும் பிறப்பு எதுவாயினும், பெற்றோர் எந்த நாட்டவராயினும், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்தாக வேண்டும். 21 நாளுக்குள் செய்தால் கட்டணம் இல்லை. ஓராண்டு கடந்துவிட்டால், 2023ஆம் ஆண்டுத் திருத்தப்படி மாவட்ட மாஜிஸ்திரேட்டாகிய கலெக்டர் அல்லது அவருக்குக் கீழுள்ள கோட்ட அதிகாரியின் ஆணை வேண்டும். பதிவு செய்யாமல் விட்ட குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மனு எழுதத் தெரியாமல், எந்த ஆபீசுக்குப் போவதென்று அறியாமல் நாள் கடத்துகிறார்கள்.

இங்கேதான் நம் கோவிலின் திருமுழுக்குப் பதிவேடு துணைக்கு வருகிறது. அதில் குழந்தை பிறந்த தேதி, பெற்றோர் பெயர், ஊர் எல்லாம் அன்றே எழுதப்பட்டுள்ளன. அது குடியுரிமைச் சான்று ஆகாது. ஆனால் தாமதமாகப் பிறப்பைப் பதிவு செய்யும்போது, பழைய காலத்தில் எழுதப்பட்ட நம்பத்தக்க ஆதாரமாகக் காட்டலாம். 1987 ஜூலைக்கு முன் பிறந்த ஒருவருக்கு அந்த ஒரு வரியே வாழ்வை மாற்றக்கூடும். ஆகவே பதிவேடுகளைக் கரையானிடமிருந்து காப்பாற்றுங்கள், நகல் எடுத்து வையுங்கள். படித்த இளைஞர்கள் மாதம் ஒரு ஞாயிறு, பூசைக்குப் பின் இரண்டு மணி நேரம் அமர்ந்து மனு எழுதிக் கொடுங்கள். தாசில்தார் ஆபீசுக்குத் தனியே போகத் தயங்குகிறவரோடு கூடப் போங்கள். வழி தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றாலே பாதிப் பயம் போய்விடும்.

பெத்லகேமில் பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடிய குடும்பத்தை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அவர்களிடம் எந்தப் பத்திரமும் இருந்ததாக நற்செய்தியில் இல்லை. ஏரோது இறந்தபின் அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் திரும்ப முடியாதவர்கள் நம் அருகிலேயே இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளின் பிறப்பாவது சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று இந்த யூபிலி ஆண்டிலே வீடு வீடாகக் கேட்டு அறிவோமாக.